மூன்றாம் அனுமானம்

நவம்பர் மாதத்தில் பிரான்ஸில் உள்ள துலூஸ் நகரின் மூடுபனி ஆற்றிலிருந்து எழுந்து வந்து எங்கள் நான்காவது மாடி அலுவலக ஜன்னலை அடைத்துக்கொள்ளும். அப்போது வெளியே ஊரே இருக்காது. நானும், என்னோடு பொருளாதார ஆய்வு செய்யும் மைலிஸும், ஒரு கரும்பலகையும் மட்டும் வெண்மைக்குள் எங்கோ மிதந்துகொண்டிருப்போம். ஒரே ஆய்வுக் கட்டுரைக்காக ஒன்பது வருடமாக இப்படித்தான் மிதக்கிறோம்.

நஷ்டத்துக்கு அஞ்சும் ஒரு முதலாளி, புதுத் தொழிற்சாலைக்குப் பணம் திரட்ட, தன் நிறுவனத்தின் பங்குகளை எப்போது விற்க வேண்டும்? இதுதான் கேள்வி. காத்திருக்கட்டும், சந்தை தெளியட்டும் என்பது எங்கள் பதில். கோடையிலும் இரண்டு குடையோடு அலைகிற எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. மைலிஸ் மேல் எனக்கிருந்த பிரியத்தையும் அப்படித்தான் சொல்லாமல் காக்க வைத்திருந்தேன்.

அன்று காலை கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்திருந்தது. மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'வாய்ப்பு எப்போதும் காத்திருக்கும் என்ற மூன்றாம் அனுமானம் எதற்கு?'

"கிறுக்கன்! அது இல்லாட்டி கணக்கே நிக்காது," என்றேன்.

"நிக்குதான்னு பாத்துடலாமே, அன்செல்ம்." மைலிஸ் பலகையிலிருந்த மூன்றாம் அனுமானத்தைச் சட்டைக் கையாலேயே அழித்தாள்.

எழுத ஆரம்பித்தாள். சாக்குக்கட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

"பாரு, தலைகீழா வருது," என்றாள். "வாய்ப்பு என்னைக்கு வேணா கைநழுவும்னா, ரொம்பப் பயப்படுறவன்தான் முதல்ல விக்கணும்."

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.

"லிஸ்பன் பல்கலைக்கழகத்துல என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் சாதாரணமாக. "பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும். வரேன்னு சொல்லப் போறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"நானும் வரேன்."

"அங்க உனக்கு வேலை இல்லையேப்பா."

"தெரியும்."

"இங்க உன் வேலை சாகுற வரைக்கும் நிரந்தரம்."

"அதுவும் தெரியும்."

"நான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன்னு தெரியுமா?"

"தெரியாது."

அவளிடம் நான் தெரியாது என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மைலிஸ் கையிலிருந்த சாக்குக்கட்டியை வைத்தாள். பிறகு மூலைக்குப் போய் என் இரண்டு குடைகளையும் எடுத்து வந்தாள்.

"லிஸ்பனுக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணை இங்கயே விட்டுட்டு வா," என்றாள்.