மணிக்கூண்டின் முப்பது அடி

பூதலூர்ப் பக்கம் விமானம் ஏதும் இறங்குவதில்லை. ஆனாலும் அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஷீபா தினமும் விமான உயரமானிகளை முப்பதாயிரம் அடிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஏற்றுவது என்றால் வேறொன்றுமில்லை. கருவியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், அது, தான் வானத்தில் இருப்பதாக நம்பி முள்ளைச் சுற்றும். எத்தனை அடி தப்பாக நம்புகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை.

அந்த வாரம்தான் அவளுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமை வந்திருந்தது. முதல் கையெழுத்துக்கு ஓர் உயரமானியோடு வந்து நின்றவர் குணசேகரன், ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஆள். பெட்டியை அவர் நம்பவில்லை.

"உள்ள வச்சி என்ன வேணா காட்டலாம்மா. உங்க ஊரு மாதா கோயில் மணிக்கூண்டு நூத்தியிருபது அடின்னு கல்லுல போட்டிருக்கே. அதுல ஏறிப் பாத்துருவோம்."

முதலாளி கிளமென்டுக்கு இது பிரமாதமான யோசனையாகப் பட்டது. ஷீபாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கல்லில் அடிக்கணக்குக்குக் கீழே 'கொத்தனார் சிங்கராயர்' என்றும் இருந்தது. அவர் அவளுடைய அப்பா.

தரையில் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு மூவரும் ஏறினார்கள். உச்சியில், மணிக்குப் பக்கத்தில், முள் தொண்ணூறு காட்டியது. ஷீபா விரலால் தட்டினாள். தொண்ணூறுதான். இருபது அடி பிசகினால் விட்டுவிடலாம். முப்பதை எந்த விதியும் மன்னிக்காது.

"கல்லு பொய் சொல்லாதும்மா," என்றார் குணசேகரன்.

கையெழுத்தை இனி வேறு யாராவது போடட்டும் என்று கிளமென்ட் பொதுவாகக் காற்றிடம் சொன்னார். ஷீபாவுக்குக் கோபம் வந்தது. விடுவிடுவென்று இறங்கிப் போய் அளவு நாடா வாங்கி வந்து, மேலிருந்து தொங்கவிட்டாள். தொண்ணூறாவது அடியில் நாடா தரையைத் தொட்டது. கையெழுத்து பிழைத்தது. அப்பா மாட்டிக்கொண்டார்.

ஆள் அனுப்பியதும் சிங்கராயர் நாற்றங்காலிலிருந்து சேறும் காலுமாக வந்தார்.

"ஏங்க, தொண்ணூற நூத்தியிருபதுன்னு வெட்டியிருக்கீங்களே?" என்றார் கிளமென்ட்.

"மேல தொண்ணூறு. கீழ முப்பது."

"அஸ்திவாரத்த யாருங்க உயரத்துல சேப்பாங்க?"

"களிமண்ணுங்க. தோண்டத் தோண்ட தண்ணி. முப்பது அடி எறங்கித்தான் மேல வந்தோம். மண்ணு சரிஞ்சி என் சித்தாள் வீரையன் அதுக்குள்ள போயிட்டான். தூக்குறப்ப உசுரு இல்ல. அவன் பேரப் போடணும்னு கேட்டேன். சித்தாள் பேரெல்லாம் கல்லுல போடுறதில்லன்னுட்டாங்க. சரி, அவன் தோண்டுன அடியாவது இருக்கட்டும்னு சேத்து வெட்டுனேன்."

இத்தனை வருஷம் அப்பா இதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஷீபாவுக்கு அது வலித்தது. அவர் பொய் வெட்டிவிட்டார் என்று சற்று முன்பு தானும் நினைத்தது அதைவிட வலித்தது.

சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். 'குறிப்பு' என்ற கட்டத்தை எல்லோரும் காலியாக விடுவதுதான் வழக்கம். அவள் அதில் எழுதினாள்: 'மணிக்கூண்டில் சோதித்தது. தரைக்கு மேல் 90 அடி, கருவி சரி. தரைக்குக் கீழ் 30 அடி, வீரையன்.'

குணசேகரன் அதை இரண்டு முறை படித்தார். திருத்தச் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.