அண்ணிக்குப் பார்த்த காய்ச்சல்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, பிறந்து ஒரு வாரமான பெண் குழந்தை, அரசாங்கப் பெட்டியோடு வந்த நர்ஸ். உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், கடைக்காரரின் தங்கை சின்னவள். வேறு யாரும் இல்லை.

குழந்தையைப் பெற்றவள் சின்னவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் விரல் நீட்டிப் பேசாத குடும்பம் அது. அப்படியே இருக்க வேண்டும் என்று கடைக்காரர் அவளைத் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அண்ணியான தன் மனைவியின் பெயரில் சேர்த்தார். குழந்தை அண்ணியின் குழந்தையாகப் பதிவானது. பல வருடங்களாக மடி காலியாக இருந்த அண்ணிக்கு அந்த ஏற்பாடு கசக்கவில்லை.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அரசாங்கம் தரும் பெட்டியை வேண்டாம் என்று சொல்லத்தான் கடைக்காரர் நினைத்தார். யார் கையையும் எதிர்பார்த்து அந்தக் குடும்பம் பிழைத்ததில்லை. ஆனால் வேண்டாமென்றால் ஏனென்று கேட்க ஆள் வரும். வரட்டும் என்று விட்டுவிட்டார். தாயைப் பரிசோதிக்க நர்ஸும் கூடவே வருவார் என்பது, அவர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

"கம்பளி, சட்டை, சோப்பு, தெர்மாமீட்டர், எல்லாம் இருக்கும்மா. அப்புறம் பிரிச்சுப் பாருங்க. மொதல்ல கையை நீட்டுங்க."

பிரஷர் பார்க்கும் பட்டை அண்ணியின் கையை இறுக்கித் தளர்ந்தது.

"அடேங்கப்பா, பிரஷர் கச்சிதம். காய்ச்சலும் இல்ல. புள்ள பெத்தவங்க மாதிரியா இருக்கீங்க? கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவங்க மாதிரியில்ல இருக்கீங்க!"

கடைக்காரர் சிரிக்கவில்லை. முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்க. புள்ளயை நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "ரத்தப்போக்கு எப்படி? நாத்தம் ஏதாவது? அடிவயித்துல வலி? வெக்கப்படாம சொல்லணும்."

மூன்றும் இருந்தன, கதவுக்கு அந்தப் பக்கம். காலையில் துணிகளை அலசியவள் அண்ணிதான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கடைக்காரர் கனைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் அண்ணி.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஒரு முனகல் கேட்டது.

"யாரு உள்ள?"

"என் தங்கச்சி," என்றார் கடைக்காரர். "சளிக் காய்ச்சல்."

"ஒரு எட்டு பாத்துடவா?"

"வேண்டாம். டாக்டர்கிட்டக் காட்டியாச்சு."

நர்ஸ் அந்தக் கதவைச் சற்று நேரம் பார்த்தார். "சரி. ஆனா காய்ச்சக்காரியைக் கொழந்தகிட்ட அண்ட விடாதீங்க. பச்ச ஒடம்பு." பையை எடுத்துக்கொண்டார். "இந்தத் தெருவுலயே இன்னும் ரெண்டு வீடு இருக்கு. ஏதாவதுன்னா ஒரு குரல் குடுங்க."

அவர் படியிறங்கியதும் அண்ணி பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

"போயிட்டாங்களா அண்ணி? என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அண்ணி அவள் கையைத் தூக்கித் தெர்மாமீட்டரை அக்குளில் செருகினாள்.

"புள்ளயைக் கொண்டாங்களேன். பால் கட்டிக்கிட்டு உயிர் போகுது."

"காய்ச்சல் விடட்டும்டி."

காய்ச்சல் நூற்று நாலு டிகிரியைத் தாண்டியிருந்தது. அண்ணி கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க, ஒடம்பு அனலா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நர்ஸம்மா இங்கதான் எதிர்வீட்டுல இருக்காங்க."

"எந்தப் பேர்ல சேக்குறது?" என்றார் கடைக்காரர். "உன் பேர்லயா? உனக்கு ஒண்ணுமில்லைன்னு இப்பத்தான் எழுதிட்டுப் போறாங்க. அவ பேர்லயா? கல்யாணமாகாதவளுக்கு இது எப்படி வந்துச்சுன்னு கேட்டா, நீ பதில் சொல்லுவியா?"

"என்னத்தையாவது சொல்லிக்கலாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு."

"நாளைக்கு நான் தலை நிமிந்து கடை தொறக்கணும். மாத்திரை வாங்கிட்டு வரேன். காலைல பாக்கலாம்."

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். எதிர்வீட்டிலிருந்து நர்ஸ் வெளியே வந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டால் இந்தப் பிள்ளை யாருடையது என்பதும் தெரிந்துவிடும். குழந்தை அவள் ரவிக்கையை முகர்ந்து பால் தேடியது. நர்ஸ் அடுத்த வீட்டுப் படியேறினார். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெருவை விட்டுப் போனார். அண்ணி அதுவரை ஜன்னலில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது சின்னவளுக்குப் பேச்சு நின்றிருந்தது. மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

பிள்ளை பெற்றவள் யார் என்பது தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. அதோடு ஒரு பேச்சும் கிளம்பியது: அரசாங்கத்து நர்ஸ் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள், அதனால்தான் அந்தப் பெண் செத்தாள் என்று. அது பொய். நர்ஸ் வீட்டுக்குள் வந்தார். உள்ளறையைப் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னது கடைக்காரர்.