ஆற்றுத்துண்டின் பீப்பாய்

சிரோந்து ஆற்றின் அகன்ற முகத்தில் பனி வெண்பஞ்சுப் பொதியெனக் கிடக்க, கரையோரம் நீர் தேக்கிய நிலத்தில் முதிய திராட்சைக் கொடிகள் தம் கருங்கைகளை நீட்டிக் கண்ணாடியில் முகம் பார்ப்பனபோல் நிற்க, கார்லூன் பண்ணையில் பின்பனிக்காலத்து விடியல் ஒன்று ஓசையின்றிப் புலர்ந்தது. திபோ எழுந்தான். சாளரத்தைத் திறந்தான். காப்பி வைத்தான். அலமாரியில் இரண்டு கோப்பைகள் இருந்தன, ஒன்றை எடுத்தான். அவற்றின் பின்னால், வாயை மெழுகால் அடைத்து நீலத்துணி கட்டிய கண்ணாடிக் குடுவை ஒன்று நின்றது. அது அவன் மனைவி சொலேனுடையது. அவளுடையது எதையும் அவன் பத்து வாரமாகத் தொடவில்லை. நேற்றைய ரொட்டியை நனைத்துத் தின்றான். கோப்பையைக் கழுவினான். நிலவறைக்கு இறங்கினான்.

பீப்பாயில் உறங்கும் செந்தேறல் என்னும் திராட்சை மது, மரத்தின் நுண்துளை வழியே நாள்தோறும் சிறிது காற்றில் கரையும். குறைந்த இடத்தில் காற்று குடிபுகுந்தால் புளித்துப் போகும். ஆகவே தக்கையைத் தட்டி எடுத்து, அதே நிலத்துத் தேறலை விளிம்புவரை ஊற்றி, மீண்டும் தக்கையை அடிக்க வேண்டும். சொலேன் செய்துவந்த அவ்வேலையை, அவள் மறைந்த மறுநாள் முதல், நிலவறையின் எண்பத்து நான்கு பீப்பாய்களுக்கும் அவன் ஒருநாளும் வழுவாது செய்துவந்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. கைகளுக்கு ஏதேனும் வேண்டியிருந்தது.

கற்றறிந்தீர், அப்பண்ணையின் கதையில் ஒரு பகுதியை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு தலைமுறைக்கு முன் சதுப்பை வடித்துச் சரளைமேட்டில் கொடி நட்டவர்கள் சொலேனின் முன்னோர்கள். பின்னொரு காலம் வேர் உறிஞ்சும் நுண்பூச்சி கடல் கடந்து வந்து நாட்டின் தோட்டங்களையெல்லாம் சருகாக்கியது. மேட்டுக்கொடிகள் அனைத்தும் மாண்டன. அயல்நாட்டு வேரில் ஒட்டுக்கட்டி மீண்டும் நடப்பட்டன. ஆற்றோரக் களிமண் நிலத்துண்டில் மட்டும் அந்நாளைய உடையவன் மதகைத் திறந்து, நாற்பது நாள் நீரை நிறுத்திப் பூச்சியை மூழ்கடித்தான். அன்று பிழைத்த வேர்களே இன்றும் அங்கு நிற்கின்றன. அந்த நீர்நிறுத்தமும் குளிர்காலந்தோறும் தொடர்கின்றது. ஆயினும் அத்துண்டின் தேறல் முரடென்று இகழப்பட்டு, கூலியாட்களின் உணவு மேசைக்கே போயிற்று. பண்ணையின் பெயர் பொறித்த புட்டி ஒன்றையும் அது கண்டதில்லை.

சொலேன் அதை ஏற்கவில்லை. உடையவரான தந்தை ஒனொரேயோடு மூன்றாண்டு வழக்காடி ஒரே ஒரு பீப்பாயைப் பெற்றாள். நிலவறையில் அதற்கு இடமில்லை என்றார் அவர். மதகடிக் கல்வீட்டில் வைத்து, தானே ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். குளிர்காலத்தை மரத்தில் தாங்கி அத்தேறல் தன் காலில் நின்றால் துண்டு பிழைக்கும். இல்லையேல் வேரோடு பெயர்க்கப்படும். இதுவே தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு. கூதிர்காலத்தின் கடைசியில் அவள் காய்ச்சலில் விழுந்து ஒன்பதே நாளில் மறைந்தாள்.

அப்போது அறையில் இருந்தவன் திபோ ஒருவனே. மாடியேறி வந்த ஒனொரே மகளின் காலைப் பிடித்தபடி, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். அவள் சொன்னதைக் காய்ச்சலின் பிதற்றல் என்று அவன் ஒதுக்கியிருந்தான். கிழவரின் முகத்தைப் பார்த்தான். வாயில் வந்ததைச் சொன்னான். "நிறைவாக வாழ்ந்தேன் என்று அப்பாவிடம் சொல்." அச்சொற்களே அவள் கல்லறையில் பொறிக்கப்பட்டன. ஞாயிறுதோறும் ஒனொரே போய் அவற்றைக் கையால் தடவிவிட்டு வருவார்.

பின்பனி புலர்ந்த அன்று காலை, பேச்சின்படி தேறலைச் சுவைத்துப் பார்க்க ஒனொரே, திபோ, மைத்தே மூவரும் கல்வீட்டில் கூடினர். நிலவறைத் தலைவி மைத்தே, முப்பது ஆண்டாக ஒனொரேக்கு அஞ்சாதவள், பீப்பாயிலிருந்து தேறலை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழலை எடுத்தாள்.

"என்ன பெரியவரே, தள்ளியே நிக்கிறீங்க? உங்க பொண்ணு செஞ்சதுதான், கடிக்காது."

தக்கையைத் தட்டினாள். புளிப்பு நெடி அறையை நிறைத்தது. பீப்பாயில் ஒரு சாணுக்குக் குறைந்திருந்தது. மேலே வெண்ணாடை படர்ந்திருந்தது. மைத்தேயின் கேலி அத்தோடு நின்றது. காடியாகக் கீரைக்கு ஊற்றலாம் என்று தனக்குள் முனகிக்கொண்டு குழலைத் துடைத்தாள். திபோவுக்கு அந்த நெடி மூக்கில் ஏறவில்லை, நெஞ்சில் ஏறியது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வீட்டுக்கு நடந்து, நீலத்துணிக் குடுவையோடு திரும்பினான்.

மெழுகை உடைத்துக் குவளையில் ஊற்றி, மைத்தே ஒரு மிடறு வாயில் கொண்டாள். நெடுநேரம் விழுங்காதிருந்தாள். பிறகு குவளையை ஒனொரேயிடம் நீட்டினாள். அவரும் குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார். ஆனால் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது குடுவைல இருந்தது. மரத்துல தாங்கணும்னுதான் பேச்சு. அதுக்கு ஊத்த எடுத்து வச்சிருக்கா, ஊத்தச் சொல்லி யார்கிட்டயும் சொல்லல. அவளே கைவிட்டத நான் ஏன் கட்டிக்கிட்டு அழணும்? புடுங்கிடுவோம், மாப்ளே."

வெளியே நீரில் நின்ற கொடிகளைத் திபோ பார்த்தான். வாய் திறவாதிருந்தால் கிழவருக்கு அந்தக் கல்லறைக் கல் மிஞ்சும். அவள் மூன்றாண்டு வழக்காடிய வேர்கள் மிஞ்சா.

"அவ கைவிடல, மாமா. என்கிட்ட சொன்னா. நான்தான் கேக்கல. கல்லுல இருக்கிறது அவ சொன்னதில்ல."

ஒனொரே வெளியே வந்து மதகுக் கட்டையில் மெல்ல உட்கார்ந்தார். மைத்தே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வாண்டு கொடிகள் பெயர்க்கப்படவில்லை. அடுத்த குளிர்காலத்திலும் மதகு திறந்தது. ஆறு உள்ளே வந்தது. புதிய பீப்பாய் ஒன்று நிலவறையிலேயே இடம் பெற்றது. கல்லில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. ஒனொரே அதைத் தடவுவதை மட்டும் விட்டுவிட்டார். பெருந்துயருற்றோர் பெரிய சொற்களைத் தேடுகின்றனர். போகின்றவர்களுக்கோ செய்துமுடிக்காத சிறுவேலைகளே கண்முன் நிற்கின்றன.

திபோ உண்மையைச் சொன்ன அன்று, மதகடியில் கிழவர் தலை நிமிராமலே கேட்டார்.

"அப்ப என்னதான் சொன்னா?"

திபோ அவள் சொன்னபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னான்.

"ஆத்தோரப் பீப்பா குறைஞ்சிருக்கும். அலமாரில இருக்கிற குடுவையிலேர்ந்து ஊத்தணும். நீ மறந்துடுவ, இப்பவே போய் ஊத்திட்டு வா."