மூச்சுவெட்டி

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் மூச்சுவெட்டி. பாடகர்கள் பாடிவிட்டுப் போனபின், வரிக்கு வரி அவர்கள் இழுக்கும் மூச்சைக் கணினித் திரையில் தேடிப் பிடித்து நறுக்குவதுதான் வேலை. அதில் கில்லாடி. பாட்டைக் கேட்கக்கூட வேண்டாம். திரையில் நெளியும் கோட்டைப் பார்த்தே வெட்டிவிடுவார். வெட்டிய ஓட்டையில் அறையின் வெறும் அமைதியை வைத்து ஒட்டுப்போடுவார். அதற்காகவே ஒவ்வொரு பாடகரையும் பாடுவதற்கு முன் கொஞ்ச நேரம் மைக் முன்னால் சும்மா நிற்கவைத்துப் பதிவுசெய்துகொள்வது அங்கே வழக்கம்.

ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய பாட்டுக்காரம்மாவுக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகாது.

"ஏன் தம்பி என்னைய பொம்மையாக்குற? பாட்டுல பாதி அந்த மூச்சுலதான இருக்கு!" என்று ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வருவார்.

"விட்டுடறேன் மேடம்" என்பார் இவர். அந்தப் பக்கம் கதவு சாத்தியதும் இந்தப் பக்கம் வெட்டு விழும். பாட்டுக்காரம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் சத்தமாக வேறு வரும். 'துருத்தி' என்று முதுகுக்குப் பின்னால் கேலி. அந்தக் கொழுப்பை என்னவென்று சொல்ல!

பாட்டுக்காரம்மா செத்துப்போனார். திரும்பின பக்கமெல்லாம் அவர் பாட்டுத்தான். முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தபோதுதான், மூச்சுவெட்டி அவர் பாட்டு ஒன்றை முதல்முறையாக முழுசாகக் கேட்டார். அடேயப்பா, என்ன குரல்! மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் இந்தக் காதை எங்கே அடகு வைத்திருந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வரி முடிந்து அடுத்த வரி வந்தது. நடுவில் மூச்சில்லை. அதற்கடுத்த வரிக்கும் இல்லை. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த ஒருத்தி பாடுவதைப்போல இருந்தது.

"அண்ணே! என்னண்ணே முகம் செவக்குது? மூச்ச விடுங்கண்ணே!" என்று கடைக்காரர் கத்திரியைப் போட்டுவிட்டு உலுக்கினார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பஸ்ஸில் கேட்டாலும், பக்கத்து வீட்டில் கேட்டாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பாட்டுக்காரம்மா காற்றுக்குத் தவிப்பதும், அவர் கழுத்தில் இருப்பது தன் கைதான் என்பதும் கண்ணுக்கு நேரே தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பாட்டுக்காரம்மாவின் மகள் கூடத்துக்கு வந்தாள்.

"பாட்டெல்லாம் இருக்குண்ணே. அம்மாதான் அதுல இல்ல. சின்னதுல அவங்க நெஞ்சு மேல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நீங்க வெட்டறதுக்கு முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா? அந்த மூச்ச ஒரு தடவ கேட்டா போதும்."

எங்கே இருக்கும்? இடத்தை அடைக்கிறது என்று அத்தனையையும் அழித்த மகராசன் இவரேதான். இருந்தும் தேடினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 'இல்லம்மா' என்று சொல்ல வாயெடுத்தபோது ஒன்று கண்ணில் பட்டது: ஒட்டுப்போட வைத்திருந்த அமைதி. வெறும் அமைதியை யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்? அவரும் கேட்டதில்லை.

ஓடவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். முதலில் ஏசியின் இரைச்சல். இன்னும் கூட்டினார். அதற்கடியில், மெல்ல, போய்ப் போய் வந்தது மூச்சு. மைக் முன்னால் சும்மா நின்றிருந்த பாட்டுக்காரம்மாவின் மூச்சு. இவர் வெட்டிய ஓட்டைகளையெல்லாம் இத்தனை காலம் அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"அம்மா..." என்று மகள் ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பழக்கதோஷம், அவர் கை தானாக வெட்டும் பொத்தானுக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பதிவு முடியும் இடத்தில் பாட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "போதுமா தம்பி?"

"போதலம்மா" என்றார் மூச்சுவெட்டி, வாய்விட்டு அழுதபடி.