கிராணி மகளுக்கு ஒரு ஓட்டு

வீரம்மா கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து மூணரைக்கு வீடு வந்தாள். குளித்து, சோறு வடித்துவிட்டு, நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். எண்பத்தாறாம் வருஷத் தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. கோலாலம்பூருக்கு வெளியே, மேரு என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டம் விற்றுப் போன பிறகும் இடிபடாமல் நின்ற அந்த லயத்தில் இருபத்தேழு வீடுகள். பாதிக்கு மேல் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டாள். கால் மரத்துப் போயிருந்தது.

அவள் ஓட்டுக் கேட்டது குணபூசணி என்ற வக்கீலுக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. சாவிச் சின்னம்.

"கட்சி இல்லாம ஜெயிச்சு எங்க போய் உக்காருவாங்க?" என்று கோமதி வாசலை மறித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. "கட்சிக்காரனாவது எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ரெண்டு லோரி கல்லு கொட்டுறான். இவங்க கோலாலம்பூர்லேருந்து வந்து என்னா கொட்டப் போறாங்க?"

"தெரியல. ஆனா நமக்காகப் பேசுவாங்க."

"பேசற ஆளுக்கா இங்க பஞ்சம்? போய்ப் படு அக்கா. மூஞ்சியப் பாரு, செத்துப் போன மாதிரி இருக்கு."

வீரம்மா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு காரணம்தான். இதே லயத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் முப்பத்தொன்பது வயது வரை சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டுப் பிரஜை இல்லை, ஓட்டும் இல்லை. பதிவு ஆபீஸில் நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். குணபூசணிதான் இரண்டு வருஷம் விடாமல் கடிதம் எழுதி நீல அட்டை வாங்கிக் கொடுத்தார். இது அவளுடைய முதல் ஓட்டு.

கடைசி வீடு நாகையாவுடையது. பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்ந்தவர். நோட்டீஸைத் தூரப் பிடித்து வாசித்தவர், ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"குணபூசணி, தகப்பன் பேரு கனகசபை. எந்தக் கனகசபை?"

"யாழ்ப்பாணத்து ஆளுங்கண்ணே. வேற தெரியாது."

"நம்ம பெரிய கிராணி பேரு என்னான்னு நெனச்ச? நீ அப்ப சின்னப் புள்ள." நோட்டீஸை அவள் கையிலேயே திணித்தார். "அந்தாளு மகளுக்கா ஓட்டுக் கேட்டு வந்த?"

பெரிய கிராணியை வீரம்மாவுக்குத் தெரியும். தோட்டத்து ஆபீஸில் பேரேட்டை வைத்துக்கொண்டு எல்லார் வேலையையும் தீர்மானித்த மனுஷன். அவள் அம்மா அவரைப் பெரிய கிராணி என்றுதான் சொல்வாள். பேர் சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் குணபூசணியின் கார் வந்தபோது, அவர் இறங்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

"இந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி உங்க அப்பாவா?"

"ஓம்."

"ஏன் சொல்லல?"

குணபூசணி கதவைப் பிடித்தபடி நின்றார். "சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை. பிழைதான்." அவர் குரலிலும் களைப்பு இருந்தது. "உங்களுக்கு இதைச் சொன்ன ஐயா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நாகையா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"என் சம்சாரம் அப்ப ஏழு மாசக் கர்ப்பம். காலைல பெரட்டுக்குப் பேர் கூப்பிடறப்ப கொஞ்சம் பிந்தி வந்தா. உங்கப்பா அவ பேரை அடிச்சிட்டு, இன்னிக்குக் கூலி இல்ல, வீட்டுக்குப் போன்னாரு. என்னை விடு. ஆபீஸ் முன்னால சைக்கிள்ல போகக் கூடாது, இறங்கித் தள்ளணும். மழையிலயும் தள்ளியிருக்கேன்."

"நான் ஜன்னலாலே பார்த்திருக்கிறன்" என்றார் குணபூசணி. அந்த யாழ்ப்பாணப் பேச்சு வாடையே நாகையாவின் முகத்தை இறுக்கியது. "எட்டு வயசு. எல்லாரும் அப்படித்தான் போவாங்க என்று நினைச்சேன். ஏன் என்று ஒருநாளும் அப்பாவைக் கேட்கேல்லை. வளர்ந்த பிறகும் கேட்கேல்லை."

"இப்ப என்னா, மன்னிப்பா?"

"அவர் செய்ததுக்கு நான் எப்படி மன்னிப்புக் கேக்கிறது? கேட்டாலும் உங்களுக்கு அது போதாது."

வீரம்மா படியில் உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை.

"அண்ணே, கேட்டப்ப எனக்கும் கசந்துச்சு. இவங்களுக்குப் போடுங்கன்னு இனி சொல்ல மாட்டேன். ஓட்டுப் பேப்பரைக் கையில வாங்கினதும் கண்ணை மூடிக்கிட்டு கோடு போடாதீங்க. ஒரு நிமிஷம் யோசிங்க. அவ்வளவுதான்."

"இருபத்தேழு வருஷமா யோசிக்காமத்தான் போட்டேன்னு சொல்றியா?"

"ஆமாண்ணே."

நாகையா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மனைவியின் சிவப்பு அட்டை, பள்ளிக்கூடக் கடிதம், அம்மை குத்திய சீட்டு. "நீங்க வக்கீல்தானே? இதைப் பாருங்க."

குணபூசணி கை நீட்டவில்லை. "இன்றைக்கு வேணாம் ஐயா. இப்ப பார்த்தா ஓட்டுக்காகப் பார்த்த மாதிரி ஆகும். தேர்தல் முடியட்டும், அதுக்கு அடுத்த ஞாயிறு வாறன்."

நாகையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எலெக்‌ஷனுக்கு அப்புறம் வரேன்னு சொல்ற கேண்டிடேட்ட இப்பத்தான்லா பாக்கறேன்."

குணபூசணி மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவருக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட இல்லை. கட்சிக்காரர்கள் லோரியில் கொட்டு அடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றிப் போனார்கள். சாவி நோட்டீஸ்கள் சாக்கடையில் மிதந்தன. வீரம்மா அவற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள். தன் ஓட்டு வீணாகிவிட்டதா என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை குணபூசணி வந்தார். நாகையாவின் மனைவியிடம் ஒவ்வொரு தாளாகக் கேட்டு மூன்று மணி நேரம் எழுதினார். இந்தத் தடவை உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். கிளம்பும்போது நாகையா கார் வரை வந்தார்.

"யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா பென்சிலை வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டேன். அங்க இருந்த அதிகாரி, பெரியவருக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு."

குணபூசணி காரில் ஏறினார். ஜெஞ்சாரோம் ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் விடியற்காலை வீரம்மா தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் கோமதி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"தோத்துட்டாங்கல்ல?"

"ம்."

"எங்க அம்மாவுக்கும் செவப்பு அட்டைதான்" என்றாள் கோமதி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அந்த வக்கீலம்மா ஆபீஸ் எங்க இருக்கு, சொல்லேன்."

வீரம்மா சொல்லத் தொடங்கினாள். பஸ் மெயின் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் பாதிப் பேச்சிலேயே தூங்கிப் போனாள். கோமதி எழுப்பவில்லை.