வெளுத்த கோடு

ஐஸ் பைகளைத் துண்டில் சுற்றி, மனைவியின் தலைக்கு இருபுறமும் அணைகட்டுவதுபோல அடுக்கிக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரர். மூன்றாவது பை நழுவிக் காதோரம் விழுந்தது. "சில்லுனு இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அறையில் மகளும் நிற்பது நினைவுக்கு வந்தது.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உயிர் பிரிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மூச்சு நின்றதைப் பக்கத்துத் தெரு டாக்டர் வந்து உறுதிசெய்துவிட்டுப் போனதும், அவர் முதலில் போன் செய்தது மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு. வேன் வர ஒரு மணி நேரமாகும், அதுவரை தலையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள்.

"சித்திக்குக்கூட இன்னும் சொல்லல. அதுக்குள்ள அங்க போன் பண்ணிட்டீங்க" என்றாள் மகள்.

"அவ எழுதி வெச்ச வரிசை அது. டாக்டர், லேப், அப்புறம்தான் மத்தவங்க."

"அது அம்மா நல்லா இருந்தப்போ எழுதினது."

"நல்லா இருந்தப்போ எழுதினதைத்தானேம்மா கேக்கணும்."

"அங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். "முப்பது வருஷமா சாயங்காலமானா காபியோட அதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் மனைவி அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளிலிருந்து சிறு துண்டெடுத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயமேற்றுவது அவள் வேலை. எதனால் மறந்தார்கள், எதனால் கை நடுங்கினார்கள் என்பதை டாக்டர்கள் அதில் பார்த்துச் சொல்வார்கள்.

அவர்கள் முதன்முதலில் சந்தித்ததே அந்தக் கட்டடத்தின் லிஃப்டில்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட, மெக்கானிக்கான அவர் மேல்மூடியைத் திறந்து கை நீட்டினார். உள்ளே தனியாக நின்ற பெண் கையைப் பிடிக்கவில்லை. மூடி போட்ட ஒரு வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். "இதை முதல்ல வாங்குங்க. சாய்ச்சுடாதீங்க." என்ன இது என்று கேட்டார். "மூளை" என்றாள். அன்றிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எது மறந்தாலும், "அன்னைக்கே உங்க கையில ஒண்ணு குடுத்தேன், வெச்சுக்கிட்டிருக்கலாம்" என்பாள்.

வேன் வந்தது. மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவர் பின்னால், ஸ்ட்ரெச்சருக்கு அருகே இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு மனைவி சுவரோரம் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினாள். மூன்று பிள்ளைகள். சத்தம் போடாது, சும்மா உட்கார்ந்திருக்கும். அவளுக்குப் பயமில்லை. "நிஜமில்லைன்னு தெரியும். ஆனா இருக்காங்க" என்பாள். மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள் என்று அவரிடம் சொல்வாள். அவரும் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். டாக்டர் மறதி நோய் என்றார். ஆனால் சாயக் கலவையின் அளவுகளை அவள் மறக்கவில்லை. மகளின் தோழிகள் பெயரை மறக்கவில்லை. ஒரு நாள் துடைத்த கண்ணாடிபோல இருப்பாள். மறுநாள் செருப்பை எந்தக் காலில் போடுவது என்று தெரியாது.

துடைத்த கண்ணாடிபோல இருந்த ஒரு காலையில்தான், பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வந்திருக்கறது மறதி இல்லைங்க. நாளைக்கு என்னுதை வெட்டறப்போ தண்டுல பாக்கச் சொல்லுங்க. கோடு வெளுத்திருக்கும்."

தண்டு, கோடு, வெளுப்பு. வழக்கமான லேப் பேச்சு. அவர் "சரி, வாயைக் கொப்புளி" என்றார்.

பிறகு அவள் அவரைத் தேடத் தொடங்கினாள். எதிரே நிற்பவரிடமே, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா" என்று கேட்பாள். ஒரு நாள் தேடிக்கொண்டு பெரிய சாலையைக் குறுக்கே கடந்துவிட்டாள். லாரிக்காரன் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். மகள் போனில் அழுதாள். "ஏதாவது மாத்திரை கேளுங்கப்பா. நீங்களும் போயிடுவீங்க இப்படியே." அவர் போய்க் கேட்டார். டாக்டர் தானாகக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கியது அவர்தான்.

இரண்டே வாரத்தில் பிள்ளைகள் போய்விட்டார்கள். கூடவே அவள் நடையும் போனது. முகம் மரம்போல இறுகியது. ஸ்பூன் பாதி வழியில் நின்றது. நோய் முற்றுகிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் பொடித்து வாழைப்பழத்தில் மசித்துக் கொடுத்தார்.

ஒரு நாள் மதியம் அவள் அவர் சட்டையைப் பிடித்து அருகே இழுத்தாள். நாக்குத் தடித்து வார்த்தை குழறியது.

"உங்கள மாதிரியே ஒருத்தர் வர்றார். சட்டைகூட உங்களுதுதான். பழத்துல என்னமோ வெச்சுக் குடுக்கறார். நீங்க இல்லாதப்பப் பாத்துத்தான் வர்றார்."

"இனிமே வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் நம்பினாள். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் மறுபடி பழத்தை உரித்தார்.

அன்று முதல் அவருக்கும் ஏதோ ஆகிவிட்டது. சமையலறையில் தான் தட்டும் ஸ்பூனின் சத்தம் வேறு யாரோ தட்டுவதுபோலக் கேட்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றும். பல மாதமாகப் பார்க்காமல் இருந்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் கண்ணாடி நின்றிருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடிக்காக அவள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்தவர்.

"அண்ணே" என்றார். "நானே செய்யட்டுமா? இல்ல வேற ஆளை வரச் சொல்லட்டுமா? நீங்க எப்படிச் சொன்னாலும் சரி."

"நீங்களே செய்ங்க. வேற யாராவது செஞ்சா குறை சொல்லுவா."

கண்ணாடி தலையை ஆட்டிக்கொண்டே ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்தார்.

மகள் உறவினர்களுக்குச் சொல்லக் கீழே போய்விட்டாள். இறுதிக் காரியம் நாளை காலை. அவர் மூன்றாம் மாடி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம், நின்றது, மறுபடி ஓடியது. பழைய லிஃப்ட் இல்லை, புதிதாக மாற்றியிருந்தார்கள். அதன் பிரேக் லேசாக உரசியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். மனைவி வேலையில் சேர்ந்த காலத்தில் படித்து முடித்து வந்தவர்; இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. மேஜைமேல் ஒரு படிவம்.

"சில கேள்வி இருக்கு. இன்னைக்கே வேணும்னு இல்ல."

"கேளுங்க."

"கடைசியா என்னென்ன மருந்து எடுத்துக்கிட்டாங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். நான்காவது அட்டையில் பேனா நின்றது.

"இது எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா."

"யார் குடுத்தது? நர்ஸ் யாராவது வெச்சிருந்தீங்களா?"

"நான்தான். வேற யாரும் இல்ல."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

"தண்டைப் பாத்தீங்களாம்மா?" என்று அவர் கேட்டார்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "என்ன?"

"மூளைத் தண்டு. அதுல ஒரு கோடு இருக்குமாமே."

"இருக்கும். குறுக்கே வெட்டினா ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கோடு தெரியும்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவங்களுக்கு வெளுத்துப்போயிருக்கு. மைக்ரோஸ்கோப்ல பாக்காம உறுதியாச் சொல்லக் கூடாது. பல வாரம் ஆகும். ஆனா வெறும் மறதி நோய்னா பொதுவா அது இப்படி வெளுக்காது. இது வேற வகையா இருக்கலாம். இல்லாத ஆளுங்க தெரிவாங்க, உடம்பு இறுகும்."

"அந்த வகைக்கு இந்த மாத்திரை ஆகுமா?"

நாற்பது வருடம் லிஃப்ட் கயிறுகளைப் பார்த்த மனிதர். எதைச் சொன்னாலும் தாங்குமா தாங்காதா என்று டாக்டரம்மா எடைபோடுவது அவருக்குத் தெரிந்தது.

"ஆகாது" என்றார் அந்தம்மா. "நிறைய பேருக்கு ஒத்துக்காது. உடம்பைக் கட்டிப்போட்டுடும். ஆனா உயிரோட இருக்கறப்போ ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அனுபவப்பட்ட டாக்டர்களே தவறவிடறாங்க. வெளியில இருந்து யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துதே."

"என்ன சொன்னாங்க?"

சொன்னார். பல் தேய்த்தது, நுரையைத் துப்பியது, தான் வாயைக் கொப்புளிக்கச் சொன்னது எல்லாம். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். கண்ணாடித் தகடுகள் அடுக்கிய அலமாரி அங்கே இருந்தது. அதில் பாதி அவள் கையால் சீவியவை.

"எப்போ சொன்னாங்க?"

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு நாலு மாசம் முன்னாடி."

டாக்டரம்மா படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அவர் சொல்லச் சொல்ல, எழுதினார். "வெளுத்திருக்கும்னாங்களா, வெளுத்திருக்குன்னாங்களா?" என்று ஒரு முறை கேட்டார்.

"வெளுத்திருக்கும்" என்றார் அவர்.

கண்ணாடி ஸ்ட்ரெச்சரை லிஃப்டில் கீழே கொண்டுவந்தார். அவளுக்கு முகம் கழுவி, முடியை ஒதுக்கி, நீலத் துணி ஒன்றைத் தலையில் நெற்றிவரை சுற்றிக் கட்டியிருந்தார். தையல் எங்கும் தெரியவில்லை. "அக்கா பாத்தா ஒத்துக்குவாங்க" என்று மட்டும் சொன்னார். வேன் கதவைச் சாத்திவிட்டு, அது அசையும்வரை அதன்மேல் கையை வைத்தபடி நின்றார்.

மதிய வெயிலில் சாலை நெரிசலாக இருந்தது. முன் இருக்கையிலிருந்து மகள் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னப்பா சொன்னாங்க?"

மாத்திரை கேளுங்கப்பா என்று அழுத குரலும் இதே குரல்தான்.

"இன்னும் பாக்கணுமாம்" என்றார். "நாளாகுமாம்."

"அம்மாவுக்கு என்ன வந்திருந்ததுன்னு ஏதாவது..."

"பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம்."

மகள் சற்று நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள். டிரைவரிடம் அடுத்த சந்தில் இடப்பக்கம் போகச் சொன்னாள்.

வளைவில் வேன் சாய்ந்தபோது நீலத் துணியின் முடிச்சு தளர்ந்து காதுவரை இறங்கியது. அவர் எழுந்து குனிந்து மறுபடி கட்டினார். துணி வழவழப்பானது, முடிச்சு நிற்கவில்லை. இன்னொரு முறை கட்டிப் பார்த்தார். அப்புறம் கட்டுவதை விட்டுவிட்டு, துணியை இழுத்து நேராக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். வேன் ஒவ்வொரு மேட்டிலும் குலுங்கியது. வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.