சமதுக்குக் கிடைத்த அலுமினிய ஹெட்

அபர்தீன் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ஜெய்னுதீனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அவருடைய பழைய ஜீப். அதில் இருப்பது சைடு வால்வு இஞ்சின். வால்வெல்லாம் கீழே பிளாக்கிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். மேலே வரும் சிலிண்டர் ஹெட் தட்டையான ஒரு மூடிதான். பெரும்பாலும் இரும்பில்தான் வார்ப்பார்கள். அபூர்வமாகச் சிலவற்றை அலுமினியத்தில் செய்தார்கள். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், மேட்டில் இஞ்சின் கொதிக்காது.

அந்த அலுமினிய ஹெட் ஒன்றுக்காக ஜெய்னுதீன் பல வருஷமாக அலைந்தார். தீவிலிருந்து மெயின்லேண்ட் போகும்போதெல்லாம் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளைச் சலித்தார். போன் குழுக்களில் முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சினார். ஒரு தடவை கப்பலில் பார்சல் வந்தது. ஆசையாகப் பிரித்தால் வேறு ஏதோ இஞ்சினின் ஹெட், போல்ட் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்த கையோடு அப்துல் சமது வந்தான். மனைவி சம்சாத்தின் தம்பி, புரோத்ராபூரில் வீடு. போன வருஷம்தான் அவனும் இதே மாதிரி ஒரு ஜீப் வாங்கியிருந்தான். தோளிலிருந்த சாக்கை இறக்கி மேஜைமேல் வைத்தான்.

"மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க. என் வண்டிக்கு ஆகுமா?"

ஜெய்னுதீன் சாக்கை விலக்கினார். அலுமினியம். விரலால் தடவினார். ஓரம் மழுங்கவில்லை, எங்கும் விரிசல் இல்லை.

"எங்க கிடைச்சது?"

"பெரார்கஞ்ச்ல பழனியாண்டி அண்ணன் இருக்காருல்ல, பாக்குத் தோட்டம்? அவரு பொஞ்சாதிக்கு மேலுக்கு முடியலன்னு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மூணு வாட்டி கூட்டிட்டுப் போனேன். ஜீப் இஞ்சின் வச்ச பழைய பம்ப் செட் ஒண்ணு கொட்டாயில கெடந்துச்சு. 'ஒனக்கு ஆகும்னா கழட்டிக்க தம்பி'ன்னாரு."

அந்தத் தோட்டத்துக்கு ஜெய்னுதீனும் போயிருக்கிறார். அதே கொட்டகை நிழலில் நின்று பழனியாண்டி கொடுத்த டீயைக் குடித்திருக்கிறார். அங்கே சாக்கு போட்டு மூடியிருந்தது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. இவனோ தேடவே இல்லை. ஹெட்டில் இரும்பு, அலுமினியம் என்று இரண்டு வகை உண்டென்பதே இவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். தனக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்ததே என்று பொறாமை எரிந்தது.

"கடல் உப்பு தின்னுருச்சுடா," என்றார். தன் குரல் இவ்வளவு இயல்பாக வந்தது அவருக்கே ஆச்சரியம். "கேஸ்கெட் உக்கார்ற ஓரத்தப் பாரு. மாட்டினா தண்ணி உள்ள எறங்கிரும். இஞ்சினே போயிரும்."

சமது குனிந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அரே! சரி, நீங்க சொன்னா சரிதான். இங்கயே கெடக்கட்டும், பழைய இரும்பு எடுக்குற கபாடிக்காரன் வந்தா போட்டுருங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்பும் ஜெய்னுதீனுக்கு எரிச்சலாக இருந்தது. கையில் வந்ததைத் தொலைத்துவிட்டு இவனால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

ஞாயிற்றுக்கிழமை குட்வில் எஸ்டேட்டில் இருந்த தன் வீட்டில், கார் ஷெட்டுக்குள் வைத்து அதைத் தன் ஜீப்பில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்ததும் சத்தமே மாறிவிட்டது. பானெட்டைத் திறந்தபடி அந்த வெள்ளைப் பளபளப்பையே பார்த்து நின்றபோது சம்சாத் டீயோடு வந்தாள்.

"புதுசா?"

"ம்."

அவள் இன்னும் கிட்டே வந்தாள். "இது தம்பி கொண்டாந்ததுதானே? கெட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னதா போன்ல சொன்னான்."

அவர் டீயை வாங்கினார், குடிக்கவில்லை.

"என்னங்க, உங்களத்தான் கேக்குறேன்."

"சரி பண்ணிட்டேன்."

சம்சாத் ஹெட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. கழட்டுங்க, சாயங்காலம் கொண்டு போய்க் குடுப்போம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புரோத்ராபூரில் சமது வாசலுக்கு ஓடி வந்தான். ஹெட்டைப் பார்த்ததும் ஜெய்னுதீனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி பண்ணிட்டீங்களா!" அக்காவிடம் திரும்பினான். "லாத்தா, பாத்தியா? இந்த ஊர்ல மச்சான விட்டா யாரால முடியும்?" பிறகு ஏதோ நினைத்தவனாக ஹெட்டை அவர் பக்கமே தள்ளினான். "இல்ல மச்சான், நீங்களே வச்சுக்கங்க. எத்தன வருஷமா இதுக்காக அலைஞ்சீங்க. நான் குப்பைன்னு விட்டுட்டுப் போனேன், நீங்கதானே அதுக்கு உயிர் குடுத்தீங்க."

சம்சாத் புடவை முந்தானையைச் சரிசெய்தபடி தெருவைப் பார்த்திருந்தாள். ஆசைப்பட்டது இதோ, இரண்டாம் தடவையாகக் கைக்கு வருகிறது. வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஜெய்னுதீனின் கை பாதி தூரம் நீண்டுகூட விட்டது.

"அது கெடவே இல்லடா," என்றார்.

"என்ன மச்சான்?"

"பொய் சொன்னேன். உனக்குக் கிடைச்சத என்னால தாங்க முடியல. இப்பவும் முடியல."

சமதுவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. அதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று ஜெய்னுதீன் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்தபோது நன்றாக இல்லை.

"வச்சுட்டுப் போங்க," என்றான் சமது.

அதன்பிறகு அவன் கடைப்பக்கமே வரவில்லை. ரவிச்சந்திரன் என்ற மெக்கானிக் அந்த ஹெட்டை மாட்டிக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டார். அன்றைக்கு முழுக்க ரவிச்சந்திரன்மேலும் பொறாமையாக இருந்தது. எந்த ஸ்பானரால் இறுக்கினானோ, எந்த வரிசையில் இறுக்கினானோ என்று மனசு அதிலேயே உழன்றது.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் கடைக்கு எதிரே ஜீப் வந்து நின்றது. சமது இறங்கவில்லை.

"தண்ணி லேசா கசியுது," என்றான், அவரைப் பார்க்காமல். "ரவிச்சந்திரனுக்குப் புரியல."

ஜெய்னுதீன் பானெட்டைத் திறந்தார். இஞ்சின் சூடாக இருந்தது. "ஆறட்டும். அலுமினியத்த ஆறின பிறகுதான் இறுக்கணும்," என்றார். இருவரும் காத்திருந்தார்கள். டீ வந்தது. சமது ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டான்.

ஆறிய பிறகு நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்கு, ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். கொஞ்சம் கூடுதலாக ஒரு திருகு திருகினால் போதும், கீழே பிளாக்கில் பதித்த ஸ்டட் போல்ட் முறிந்துவிடும். யாரும் குறை சொல்ல முடியாது, பழைய வண்டி. அந்த நினைப்பு ஸ்பானர் நுனிவரை வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் பூப்போல ஓடியது. கசிவு இல்லை. சமது அன்று முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தான்.

"ஏறுங்க மச்சான். ஜங்கிலிகாட் மேடு வரைக்கும் போய்ட்டு வருவோம்."

"கடை இருக்கு," என்றார் ஜெய்னுதீன்.

சமது வற்புறுத்தவில்லை. "அடுத்த வாரம் வீட்டுக்கு வரேன்னு லாத்தாகிட்ட சொல்லுங்க," என்று சொல்லி கியரைப் போட்டான். வண்டி பஜார் மேட்டில் ஒரு முக்கல் இல்லாமல் ஏறியது. கிரீஸ் கையைத் துடைக்காமல் நின்று, அது வளைவில் திரும்பி மறையும்வரை ஜெய்னுதீன் பார்த்தார். உள்ளே இன்னும் எரியத்தான் செய்தது.